மழைத் தண்ணியில் போன ஸ்கூட்டர்... பிரேக் பிடிக்கலையா? கோளாறு எங்கேன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்!

கனமழை வந்தால் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது சென்னைவாசிகளுக்குப் புதுசு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரின் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படித் தண்ணீரில் இறங்கிய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டால், ‘அப்பாடா’ என்று கிளம்பிவிடுகிறோம். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை.

பிரச்சினை எப்போது தெரிகிறது என்பதை வைத்தே, கோளாறு என்ன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தண்ணீரைத் தாண்டிய உடனே பிடிக்கலையா?

டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் ஷூ நனைந்திருக்கும். ஓரமாக மெதுவாக ஓட்டி, லேசாகப் பலமுறை பிரேக் பிடியுங்கள். உரசும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். டிஸ்க் சீக்கிரம் காயும். மூடியிருக்கும் டிரம்முக்குக் கொஞ்சம் நேரமாகும். இந்த நேரத்தில் கேபிளை டைட் வைக்காதீங்க. காய்ந்த பிறகு பிரேக் உரசிக்கொண்டே ஓடும்.

மறுநாள் காலையில் வீல் இறுகியிருக்கா?

இது துரு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, பின் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். முதல் சில சுற்றில் ‘கரகர’ சத்தம் வந்து நின்றால் பயமில்லை. லிவரை விட்ட பிறகும் வீல் இறுக்கமாகவே இருந்தால், கேபிளோ டிரம்முக்குள் இருக்கும் கேமோ துருப்பிடித்திருக்கலாம். மெக்கானிக் டிரம்மைக் கழற்றிச் சேற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சில நாள் கழித்து லிவர் ‘பொத பொத’ன்னு இருக்கா?

டிஸ்க் பிரேக் என்றால் ஆயிலைப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி உண்டாகி, லிவர் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். லிவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம்.

சிபிஎஸ் வண்டியா? கவனம்!

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 110, 125 சிசி ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் சிபிஎஸ் இருக்கும். இடது லிவரைப் பிடித்தால் முன், பின் இரண்டு பிரேக்கும் வேலை செய்யும். அதனால் பின் டிரம் பலவீனமாக இருப்பது ஓட்டும்போது தெரியாமல் போகலாம். ஸ்டாண்ட் போட்டு, பின் வீலைத் தனியாகச் சோதிப்பது அவசியம்.

இதைச் செய்யவே கூடாது

சத்தம் வருதுன்னு டிரம்முக்குள்ளோ டிஸ்க்கிலோ ஆயில், துரு நீக்கும் ஸ்பிரே அடிக்காதீங்க. சத்தம் நிற்கும், கூடவே பிரேக்கும் போய்விடும். எண்ணெய் இறங்கிய ஷூ, பேடை மாற்றுவதுதான் பாதுகாப்பு.

தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு, ஆபீஸ் கிளம்பும் முன் வாசலிலேயே இரண்டு லிவரையும் தனித்தனியாகப் பிடித்து, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், அன்றைக்கு மெட்ரோவோ பஸ்ஸோ பிடித்துவிடுங்கள்.