பி.பி. எழுதாத அட்டை

கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் தாய்சேய் நல அட்டையைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கண்ணில் படுகிறது. பி.பி. கட்டம் காலியாக இருக்கிறது. இல்லாவிட்டால் ஐந்தாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை எல்லாக் கட்டத்திலும் 110/70, ஒரே பேனாவில். எந்த உடம்பும் அப்படி ஒரே எண்ணில் நிற்காது. அளக்காமல் எழுதிய எண் அது. வீட்டாரோ எடை கூடியிருக்கிறதா, தலை திரும்பியிருக்கிறதா என்று கேட்டதோடு கிளம்பிவிடுகிறார்கள்.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். 160/110 என்றால் நாளைக்குப் போகலாம் என்ற பேச்சே கூடாது. முற்றினால் வலிப்பு வரும், ஊரில் ஜன்னி என்பார்கள். மூளையில் ரத்தக்கசிவு, ஈரல், சிறுநீரகப் பழுது என்று தாயையே கொண்டுபோய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்கூட வேண்டாம். கையில் ஒரு பட்டை, சிறுநீரில் ஆல்புமின் பார்க்க ஒரு குச்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அளந்ததும் "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேளுங்கள். 'நார்மல்' என்பது பதிலே இல்லை. இரண்டு எண்ணையும் சொல்லி, அட்டையில் எழுதித் தரவேண்டும். முறைத்தால் முறைக்கட்டும்.

முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, சர்க்கரை, ஏற்கெனவே பி.பி., முந்தைய பிரசவத்தில் இதே தொல்லை இருந்தவர்கள் மூன்றாம் மாதம் முடியும்போதே டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேட்க வேண்டும். தாமதித்தால் பலன் குறைவு. தானாகக் கடையில் வாங்கிப் போடவும் கூடாது.

விடாத தலைவலிக்குத் தைலம், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால் ஓமத் தண்ணீர், வீக்கத்துக்குப் பார்லி என்று நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் கைமருந்து உண்டு. கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். ஆனால் முகம் உப்பி, விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, கண் மங்குகிறது என்றால் பார்லி கொதிக்கும் நேரத்தில் 108ஐ அழையுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதுதான் கதை கெடுகிறது. புடவை, வளையல் எல்லாம் போகும், அட்டை மாமியார் வீட்டு பீரோவிலேயே கிடக்கும். அட்டை, ஸ்கேன் தாள்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் நான்கும் பெண்ணோடு போகவேண்டும். கிளம்பும் முன் இந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். போனதும் அந்த ஊர் செவிலியரிடம் பதியுங்கள். இங்கே 'போய்விட்டாள்', அங்கே 'தெரியாது' என்று இரண்டு பதிவேட்டிலும் இல்லாமல் போகிறவர்களைத்தான் யாரும் தேடுவதில்லை. கேஸ் மானியத்துக்கு இரண்டு தடவை அலைகிறோம், இதற்கு ஒரு தடவை போகக் கூடாதா?

வலிப்பு வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். வலிப்பை அடக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. முதல் தவணை ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் ஏறும் முன் பரிந்துரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். கடைசி பி.பி., போட்ட ஊசியின் அளவு, போட்ட நேரம் மூன்றும் இருக்கவேண்டும். நேரம் எழுதாவிட்டால் அங்கே மறுபடி முழு அளவு போட்டுவிடுவார்கள். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். அல்லது போட்டாயிற்று என்று நினைத்துப் போடாமலே விடுவார்கள். சிகிச்சைக்குப் போகும் இடம் சீமாங்க் மையமா என்றும் கேளுங்கள். அறுவை சிகிச்சையும் ரத்தமும் இருபத்துநாலு மணி நேரமும் கிடைக்கவேண்டிய இடம் அது.

பிள்ளை பிறந்தால் தீர்ந்தது என்று நினைப்பதுதான் ஆகப் பெரிய தப்பு. பிறந்தபின்னும் ஆபத்து உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அழுத்தம் ஏறுவது சகஜம், வீட்டுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். "பால் வற்றிவிடும்" என்று யாரோ சொல்ல மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற பி.பி. மாத்திரைகள்தான் டாக்டர் எழுதுவது. ஆறு வாரம் வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கவனக்குறைவால் ஓர் உயிர் போனதாகச் சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடியை உடைத்துப் பயனில்லை. சிகிச்சை ஆவணங்களின் நகல் கேட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஒவ்வொரு பிரசவகால மரணமும் மாவட்ட அளவில் ஆய்வுக்கு வந்தாக வேண்டும். கலெக்டர் நடத்தும் கூட்டத்தில் உடனிருந்த உறவினரை அழைத்துக் கேட்கவும் வழிகாட்டு நெறி இருக்கிறது. தானாக அழைப்பார்கள் என்று காத்திருக்காமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.