ஏத்தியாச்சு, இனி அழியாதா?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பலர் காதில் இயர்போன். பாட்டு கேட்பவர்களுக்கு நடுவே எழுத்தாளர் உரை கேட்பவரும் ஒருவர் இருப்பார். சென்னையிலும் வெளியூர்களிலும் நடக்கும் இலக்கியக் கூட்டங்களை ஸ்ருதி டிவி படம்பிடித்து யூடியூபில் போடுகிறது. கூட்டத்துக்குப் போக லீவு கிடைக்காதவருக்கும் பேச்சு கிடைத்துவிடுகிறது, காசில்லாமல்.

இங்கேதான் நாம் எல்லோரும் ஒன்றைத் தப்பாக எண்ணிக்கொள்கிறோம். ‘நெட்டில் ஏத்தியாச்சு, இனி அழியாது.’ கேட்கக் கிடைப்பது வேறு, காப்பாற்றப்படுவது வேறு. யூடியூப் நாம் கொடுத்த வீடியோவைச் சுருக்கி, பல அளவுகளில் மாற்றி ஓடவிடுகிறது. கேட்க அது போதும். ஆனால் சேனல்காரர் சேனலை மூடினாலோ, கணக்கு வேறு கைக்குப் போனாலோ, கூட்டத்துக்கு முன் ஒலித்த சினிமாப் பாட்டுக்கு யாராவது உரிமை கோரினாலோ பேச்சும் சேர்ந்து போகலாம்.

பெரிய கம்பெனிதானே என்று தோன்றும். மைஸ்பேஸும் ஒரு காலத்தில் பெரிய கம்பெனிதான். 2003 முதல் 2015 வரை அங்கே ஜனங்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும் வேலையில் தொலைந்தன. 2019-இல் ஊருக்கே தெரிந்தது. அவற்றில் ஏறத்தாழ 4.9 லட்சம் பாட்டுகள் மட்டும் பிழைத்தன. ஆய்வாளர்கள் சிலர் தங்கள் வேலைக்காக முன்பே இறக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுகள் இப்போது இருப்பது இன்டர்நெட் ஆர்க்கைவில். 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லாப நோக்கில்லாத அமைப்பு அது. அங்கே ஒலிக்கோப்பை ஏற்றினால், கேட்பதற்கு ஒரு சிறு நகல் தயாராகும். நாம் கொடுத்த மூலக் கோப்பும் அப்படியே பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ‘செக்சம்’ என்று ஓர் எண்வரிசையைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். கோப்பில் ஒரு துளி மாறினாலும், திரும்பக் கணக்கிடும்போது வேறு எண் வரும். கெட்டது தெரிந்துவிடும், நல்ல நகலை எடுத்து வைத்துவிடலாம்.

இன்னொன்று விவரக்குறிப்பு, மெட்டாடேட்டா என்பார்கள். சிப்காட்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: லேபிள் கிழிந்த டிரம்மில் நல்ல சரக்கே இருந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்த கற்கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். அதைப் பற்றிய உரை ‘சிறப்புக் கூட்டம் பகுதி 2’ என்ற பெயரில் கிடந்தால், பக்கத்துப் பூண்டிப் பள்ளிப் பிள்ளை என்னவென்று தேடும்? யார் பேசினார், எப்போது, எங்கே, எதைப் பற்றி என்று நாலு வரி போதும்.

இதில் ஈழத்தமிழர்கள் நமக்கு முன்னோடிகள் என்பேன். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வலி அவர்களுக்குத் தெரியும். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் இன்று புத்தகங்களோடு நிற்கவில்லை. ‘ஆவணகம்’ தளத்தில் மனிதர்களின் குரல்களையும் விவரக்குறிப்போடு சேர்த்து வைக்கிறது.

உங்கள் ஊர் வாசகர் வட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ யாராவது பேசுவதைப் போனில் பதிவு செய்தால், முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். யூடியூபில் தாராளமாகப் போடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தது பெரும்பாலும் சுருங்கிய நகல், அதை மூலம் என்று நம்பாதீர்கள். பெயர், தேதி, ஊர் எழுதி ஆர்க்கைவிலும் ஒன்று ஏற்றிவிடுங்கள்.