எல்.சி. ஆவணங்கள்: யார் கையெழுத்து செல்லும்?

மார்க்கெட்டில் நாம் மூட்டையில் குத்தூசி போட்டு, சரக்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். எல்.சி. திறந்து வெளிநாட்டுச் சரக்கு வாங்கும்போது அந்த வசதி கிடையாது. பாங்கு பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. அவை எல்.சி.யில் கேட்டபடி இருந்தால் பணம் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே எந்த ஆவணத்தை யார் கொடுக்கலாம் என்பதை வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குப் பாங்குகள் பின்பற்றுவது, பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபையின் யூ.சி.பி. விதிகள். 2007 ஜூலை 1 முதல் யூ.சி.பி. 600 அமலில் உள்ளது.

மூன்று முக்கிய ஆவணங்களுக்கு விதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. இன்வாய்ஸை விற்பவர் தர வேண்டும், எல்.சி.யில் கேட்டாலன்றிக் கையெழுத்துகூட வேண்டியதில்லை. பில் ஆப் லேடிங்கில் கப்பல் கம்பெனியோ, கேப்டனோ, அவர்களுடைய ஏஜெண்டோ கையெழுத்திட வேண்டும். இன்சூரன்ஸ் பத்திரத்தை இன்சூரன்ஸ் கம்பெனி, அண்டர்ரைட்டர் அல்லது அவர்களின் ஏஜெண்டு தர வேண்டும். கவர் நோட் செல்லாது.

ஆபத்து மற்ற ஆவணங்களில்தான் இருக்கிறது. பர்மா உளுந்து 100 டன்னுக்கு எல்.சி. திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'தரச் சான்றிதழ் ஒன்று' என்று மட்டும் எழுதிவிட்டால், 14-வது விதியின்படி அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். விற்பவரே 'சரக்கு நல்ல சரக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் பாங்கு ஏற்கும். மூட்டையைப் பிரித்தபின் வண்டும் தூசியுமாக இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

'தகுதி பெற்ற', 'பிரபலமான', 'முதல்தர', 'அதிகாரபூர்வமான' என்று அடைமொழி சேர்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 3-வது விதியின்படி இதனால் விற்பவர் ஒருவர் மட்டுமே விலக்கப்படுகிறார். அவருக்கு வேண்டிய வேறு எவரும் தரலாம். 'அதிகாரபூர்வமான' என்று எழுதினால் அரசாங்கம் என்று பொருளாகாது. எனவே, சர்வே கம்பெனியின் பெயரையே எழுத வேண்டும். ஈரப்பதம், கழிவு, எடை முதலிய எந்தெந்த விவரங்கள் சான்றில் வர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

உற்பத்தி நாட்டுச் சான்றிலும் கவனம் தேவை. வழங்குபவர் பெயர் குறிப்பிடாவிட்டால் யார் தந்தாலும் பாங்கு ஏற்கும். ஆனால் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சுங்கவரிச் சலுகை கேட்டால், அந்த ஒப்பந்தப்படி அதிகாரம் பெற்ற அமைப்பு தந்த சான்றைத்தான் சுங்க இலாகா கேட்கும். பாங்கில் தேறிய காகிதம் துறைமுகத்தில் தேறாமல் போகலாம்.

ஏற்றுமதி செய்யும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'வாங்குபவர் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்று' என்று எல்.சி.யில் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். விலை இறங்கிவிட்டால் அவர் கையெழுத்திட மறுக்கலாம். அது இல்லாமல் நமக்குப் பணம் வராது. சரக்கைக் கப்பலேற்றும் முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்.சி. திறந்துவிட்டால் விற்பவர் சம்மதமின்றித் திருத்த முடியாது. ஆகையால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே 'இதைத் தர வேண்டியவர் யார்?' என்று கேட்டு, பெயர் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.