சிகிச்சைக்கு வரும் வழி: ஒரே வண்டி, பல வீடுகள்

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நலமாக இருப்பவர்க்கு இது பெரிய தொலைவன்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்து, நான்கு மணி நேரம் படுத்திருந்து, சோர்ந்து திரும்புபவருக்கோ வழிப்பயணமே இன்னொரு நோயாகிவிடுகிறது. துணைக்கு வருபவரின் தறி அன்று ஓடாது. அன்றைய கூலியும் இல்லை. அதன்மேல் ஆட்டோ வாடகை. சிகிச்சையைத் தவறவிடுபவர்களிடம் காரணம் கேட்டால், மருந்தைவிட வண்டியைப் பற்றியே பலரும் பேசுகின்றனர்.

மாகறல் திருக்கோயிலின் தலபுராணத்திலும் ஒரு வழிச்சுமை உண்டு. நாள்தோறும் ஒரு பழம் தந்த பலாமரத்தின் கனியை ஊரார் சிதம்பரத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுசென்றனராம். அச்சுமையைக் காணப் பொறாத சிறுவன் ஒருவன் மரத்தையே எரித்துவிட்டான் என்கிறது கதை. தாங்க முடியாத பயணம், பயன் தரும் மரத்தையும் வெறுக்கச் செய்யும். சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழியை உலக நகரங்கள் பலவும் தேடியுள்ளன. 1974-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'விட்கார்' என்னும் சிறு மின்கார்களை உறுப்பினர்கள் பொதுவாகப் பயன்படுத்தினர். ஒரு நிலையத்தில் எடுத்து மற்றொன்றில் விடுவர். நிற்கும் நேரத்தில் மின்கலம் ஊட்டம் பெறும். 2011-இல் பாரிஸ் நகரம் 'ஆட்டோலிப்' என்ற பெயரில் இதனைப் பெரிய அளவில் தொடங்கியது. வரவைச் செலவு விஞ்சியதால் 2018-இல் அது நின்றது. வண்டியைப் பகிர்வது எளிது; அதைப் பேணும் செலவைப் பகிர்வதே கடினம் என்பது இவற்றின் பாடம்.

நம் மாநிலத்தில் இம்மாற்றம் பேருந்தில் தொடங்கியுள்ளது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. தளம் தாழ்ந்திருப்பதால் முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏறுவது எளிது. புகைக்குழாய் இல்லாமையும் நோயாளர்க்கு நன்மையே. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. ஆஸ்துமாவும் இதயநோயும் உள்ளவர்களை அப்புகை மேலும் வருத்தும்.

மின்கார் நம் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோ நமக்குப் பழக்கமானதே. ஒரே ஊரிலிருந்து வரும் மூன்று குடும்பங்கள் ஒரு வண்டியை அமர்த்தினால் வாடகை மூன்றில் ஒரு பங்காகும். சாலையில் இரண்டு வண்டிகள் குறையும். இதற்கு ஒரே நாளில், ஒரே வேளையில் முறை அமைய வேண்டும். அடுத்த தேதி குறிக்கும்போது, உடன் வருபவர் யார் என்பதை எங்கள் ஊழியரிடம் சொல்லுங்கள். இயன்றவரை ஒன்றாக அமைக்க முயல்வோம்.

சில எச்சரிக்கைகளையும் நினைவில் கொள்ளுங்கள். டயாலிசிஸுக்குப் பின் இரத்த அழுத்தம் தாழக்கூடும். ஆகவே தாமே இருசக்கர வண்டி ஓட்டிச் செல்ல வேண்டா. கீமோதெரபி பெறுவோர்க்கு நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்திருக்கும். பகிர்வண்டியில் முகக்கவசம் அணிக, சன்னலைத் திறந்து வைக்க. இருமலோ காய்ச்சலோ உள்ளவருடன் அன்று சேர்ந்து வர வேண்டா. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென முகம் கோணுதல் ஆகியவற்றுக்குப் பகிர்வண்டிக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

உரிய சலுகைகளையும் விட்டுவிடாதீர்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவ்வாறே. சிகிச்சைக்காக இரயிலில் செல்லும் புற்றுநோயாளர்க்கும் டயாலிசிஸ் பெறும் சிறுநீரக நோயாளர்க்கும் துணைவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவரின் சான்று தேவை.

பக்கத்து வீட்டாரிடம் நோயைச் சொல்லக் கூசுபவர் நம்மில் பலர். ஆயினும், "நீங்கள் என்றைக்குப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி இரு குடும்பங்களின் செலவைக் குறைக்கும், திரும்பும் வழியில் பேச்சுத் துணையும் கிடைக்கும். அடுத்த முறை புறப்படும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.