பத்து சதவீதத்தில் தொங்கிய ஊர்

வெளியே வந்த ஊர்கள் – 6

போன வாரம் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்தோம். அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே போனால், வியர் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சண்டர்லாந்து. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொது வாக்கெடுப்பில் இந்த ஊரின் முடிவு நள்ளிரவு கடந்த சிறிது நேரத்திலேயே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றவர்கள் 82,394 பேர். இருக்க வேண்டும் என்றவர்கள் 51,930 பேர். நூற்றுக்கு 61 பேர் விலகச் சொன்னார்கள். நாணயச் சந்தை மற்ற ஊர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பவுண்டின் மதிப்பு உடனே சரிய ஆரம்பித்தது. விடிவதற்குள் 1985-க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது.

அத்தனை பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஐரோப்பாவுக்குக் கார் விற்றுப் பிழைக்கும் ஊர் இது. தன் சோற்றுக்கு வழிசெய்யும் சந்தையையே வேண்டாம் என்று எப்படிச் சொன்னது என்று அன்றைக்கு லண்டனில் பலர் வியந்தார்கள். சிலர் ஏளனமும் செய்தார்கள். ஊரின் பழைய கணக்கைப் புரட்டினால் அந்த ஏளனம் எடுபடாது.

உலகிலேயே அதிகக் கப்பல் கட்டும் ஊர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஊர் சண்டர்லாந்து. ஆற்றின் இரு கரைகளிலும் கப்பல் தளங்கள், ஊருக்கு அடியில் நிலக்கரி. கடைசிக் கப்பல் தளங்கள் 1988-ல் மூடப்பட்டன. மூடலுக்கான நிவாரண ஏற்பாட்டில் ஐரோப்பிய ஆணையத்தின் கையும் இருந்தது. மானியத்தில் ஓடும் கப்பல் தளங்களைக் குறைப்பது அப்போது அதன் கொள்கை. 1993-ல் மங்க்வியர்மத் சுரங்கமும் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று ஊரின் கால்பந்து மைதானம் நிற்கிறது. அப்பா கப்பல் தளத்தில் வேலை இழந்தார், அண்ணன் சுரங்கத்தில் இழந்தார் என்ற நினைவுள்ள வீடுகளுக்கு 'ஐரோப்பாவால் நமக்கு லாபம்' என்ற பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்? வேலை போனபோது வராத லண்டன், வாக்குக் கேட்க மட்டும் வருகிறது என்றுதான் கேட்டிருக்கும்.

இனி இன்னொரு பக்கக் கணக்கு. ஊரின் மேற்கு எல்லையில் வாஷிங்டன் பகுதியில் ஒரு பழைய விமானத்தளம் இருந்தது. அங்கே ஆலை கட்ட 1984-ல் நிசான் ஒப்பந்தம் போட்டது. 1986-ல் முதல் கார் வெளியே வந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து திறந்துவைத்தார். ஜப்பான் நிறுவனம் இங்கே வந்ததற்கு மானியம், நிலம், வேலையில்லாமல் காத்திருந்த திறமையான கைகள் என்று பல காரணங்கள். ஆனால் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஜப்பானிலிருந்து கார் வந்தால் ஐரோப்பாவில் சுமார் 10 சதவீதம் சுங்கவரி; சண்டர்லாந்திலிருந்து போனால் வரியே கிடையாது.

அந்தப் பத்து சதவீதத்தின் மேல்தான் ஊர் மறுபடி எழுந்தது. 2016-ல் அந்த ஒரே ஆலை 5 லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்தது. பிரிட்டனில் தயாரான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அது. பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. சீட்டு, டாஷ்போர்டு, புகைக்குழாய் என்று செய்து தரும் துணை நிறுவனங்கள் ஆலையைச் சுற்றி முளைத்தன. எந்தப் பாகத்தையும் கிடங்கில் அடுக்கிவைக்காமல், தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக வரவழைக்கும் முறை நிசானுடையது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய லாரி இடையில் எங்கும் நிற்காது என்ற நம்பிக்கையில் ஓடும் முறை அது.

வாக்கெடுப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஆலை மூடப்படவில்லை. எதிர்பார்த்த இடியும் விழவில்லை. நடந்தது வேறு. 2016 அக்டோபரில் நிசான் தலைவர் கார்லோஸ் கோன் பிரதமர் தெரசா மேயைச் சந்தித்தார். தொழில் அமைச்சர் கிரெக் கிளார்க் நிறுவனத்துக்கு உறுதிமொழிக் கடிதம் ஒன்று அனுப்பினார். அதன் பின்னரே புதிய காஷ்காய், எக்ஸ்-ட்ரெயில் கார்கள் இரண்டும் சண்டர்லாந்தில்தான் தயாராகும் என்று அறிவிப்பு வந்தது. 2019 பிப்ரவரி 3 அன்று எக்ஸ்-ட்ரெயில் கைநழுவியது, ஜப்பானிலேயே தயாராகும் என்றானது. டீசல் கார்களுக்குக் கிராக்கி விழுந்ததும் ஒரு காரணம். விலகல் பற்றிய குழப்பம் திட்டமிடவே விடவில்லை என்றும் நிறுவனம் சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஜப்பான் கார்கள் மீதான அந்தப் பத்து சதவீத வரி படிப்படியாகக் கரையத் தொடங்கியது. சண்டர்லாந்தை வாழவைத்த வேலியின் ஒரு பக்கம் திறந்துகொண்டிருந்தபோது, பிரிட்டன் இன்னொரு பக்கத்தால் வெளியே நடந்துகொண்டிருந்தது.

ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிசானின் பார்சிலோனா ஆலை ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. 2021 இறுதியில் மூடப்பட்டது. சண்டர்லாந்தே 2010-ல் தன் மைக்ரா காரை நம் ஒரகடத்திடம் இழந்தது. சென்னைக்குப் பக்கத்தில் தயாரான மைக்ரா ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது பிரிட்டன் முழு உறுப்பினராகத்தான் இருந்தது. ஒரு மாடல் போவதும் இன்னொன்று வருவதும் கார்த் தொழிலில் வழக்கம். அப்போது மைக்ரா போன இடத்தில் ஜூக் வந்தது.

2020 டிசம்பர் 24 அன்று கடைசி நேரத்தில் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகும் கட்டத்துக்கு வந்ததால் பத்து சதவீத வரி விழாமல் தப்பியது. ஆனால் வரியில்லாச் சலுகைக்கு நிபந்தனை உண்டு. காரின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவானது என்று காட்ட வேண்டும். மின்சாரக் காரில் ஆக விலையுயர்ந்த பாகம் பேட்டரி. அது ஆசியாவிலிருந்து வந்தால் அந்தக் கணக்கில் தேறுவது கடினம். எனவே பேட்டரி ஆலை பக்கத்திலேயே வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் நிசானும் சீனாவின் என்விஷன் குழுமத்தைச் சேர்ந்த ஏஇஎஸ்சி நிறுவனமும் 100 கோடி பவுண்டுத் திட்டத்தை அறிவித்தன. அதிலும் அரசின் உதவி இருந்தது. 2025-ல் இரண்டாவது பேட்டரி ஆலைக்கான நிதி ஏற்பாட்டுக்கும் அரசுதான் தோள் கொடுத்தது.

சண்டர்லாந்து ஆலையின் கார் எண்ணிக்கை 2024-ல் 3 லட்சத்தைத் தொடவில்லை. கொரோனா, சிப் தட்டுப்பாடு, நிசானின் சொந்தச் சிக்கல்கள் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. பழியை விலகல் மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. விலகலின் தனிக் கைவரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் சின்ன இடங்களில் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு தேவை. நிசானுக்கு அதைச் செய்யத் தனித் துறை வைக்க முடியும். இருபது பேர் வேலைபார்க்கும் பட்டறை என்ன செய்யும்? பின்தங்கிய வட்டாரங்களுக்கு ஒன்றியம் ஏழாண்டுத் திட்டமாக ஒதுக்கிவந்த நிதியும் நின்றது. அதற்குப் பதிலாக 2022-ல் லண்டன் கொண்டுவந்த நிதி, மூன்றாண்டுத் திட்டம்.

இந்த ஊர் இழந்தது ஆலையை அல்ல, தூரத்தைப் பார்க்கும் வசதியை. 1984-லும் பேரம் நடந்தது, மானியம் கொடுக்கப்பட்டது. ஆனால் அப்போது சந்தைக்குள் நுழையும் உரிமை சட்டப்படி உறுதியாக இருந்தது. பேரம் அதற்கு மேலே நடந்தது. இன்று அந்த உரிமையே நிபந்தனைக்கு உட்பட்டது என்பதால், புதிய மாடல் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அரசு பையைத் திறக்க வேண்டியிருக்கிறது. 'எங்கள் விதியை நாங்களே எழுதுவோம்' என்பதுதான் 2016-ன் முழக்கத்தின் சாரம். சண்டர்லாந்தின் விதி அதற்குப் பிறகு எழுதப்படுவது ஜப்பானின் யோகோஹாமாவில் இருக்கும் நிசான் தலைமையகத்திலும், லண்டன் நிதி அமைச்சகத்திலும்தான். விலகச் சொன்ன 61 பேருக்கும் இருக்கச் சொன்ன 39 பேருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

அடுத்த வாரம் ஹோலிஹெட். டப்ளின் லாரிகள் வேல்ஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த துறைமுகம். அவை பிரிட்டனைச் சுற்றிக்கொண்டு நேராக பிரான்ஸுக்குக் கப்பலேற ஆரம்பித்தபோது அந்தச் சின்ன ஊருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)