ஈரலுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பயோட்டின்

ஈரல் திசு வந்தாலே எங்கள் லேபில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். சாயம் போட்ட ஸ்லைடு முழுக்கப் பழுப்பாக வந்து நிற்கும். தேடியது கிடைத்துவிட்டது என்று நம்பினால் போச்சு.

கட்டியில் எடுத்த துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி ஸ்லைடில் ஏற்றுவோம். குறிப்பிட்ட ஒரு புரதம் அதில் இருக்கிறதா என்று பார்க்க, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை விடுவோம். ஆன்டிபாடி கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைப் பிடிக்க இன்னொரு ஆன்டிபாடி, அதன் மேல் பயோட்டின், பயோட்டினைப் பிடிக்க அவிடின், அவிடினோடு ஒரு நொதி என்று அடுக்கிக்கொண்டே போவோம். அந்த நொதிதான் கடைசியில் டிஏபி என்ற வேதிப்பொருளைப் பழுப்பாக்கிக் காட்டும். 1981-ல் சூ, ரெய்ன், ஃபேங்கர் ஆகிய மூவர் வெளியிட்ட ஏபிசி முறை இது. அவிடின் என்பது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம். ஒரு மூலக்கூறு நான்கு பயோட்டினைப் பிடிக்கும். பிடித்தால் லேசில் விடாது.

சிக்கலும் அங்கேதான். பயோட்டின் என்பது பி7 வைட்டமின். ஈரல், சிறுநீரகச் செல்களில், முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவில், சில நொதிகளோடு ஒட்டிக்கொண்டு நிறையவே இருக்கிறது. ஃபார்மலின் அதை ஓரளவு மறைத்து வைக்கும். ஆனால் ஆன்டிபாடி உள்ளே போகட்டும் என்று நாங்களே ஸ்லைடைக் குக்கரில் வேகவைக்கிறோமே, அப்போது மறைந்ததும் வெளியே வந்துவிடும். உறையவைத்துச் சீவிய திசுவில் அந்த மறைப்பும் கிடையாது.

அம்மையார்குப்பத்தில் பெரியம்மா வீட்டில் தறி உண்டு. ஊருக்குப் போனபோது போனில் இப்படியொரு படத்தைக் காட்டினேன். “சாயம் ஓடியிருக்குடா, சரியா அலசல” என்றார். பாவும் ஊடையும் பார்த்துப் பழகிய கண். ஆனால் இது எத்தனை அலசினாலும் போகாது. பயோட்டினைப் பிடி என்றோம், அவிடின் பிடித்தது. யார் கொண்டுவந்த பயோட்டின் என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு வழியும் அதே 1981-ல் வந்தது. வுட், வார்ன்கே இருவரும் சொன்னது: ஆன்டிபாடிக்கு முன்பே, நொதி சேர்க்காத வெறும் அவிடினை விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் போதும். திசுவின் பயோட்டின் அதில் மாட்டிக்கொள்ளும். அதோடு நிறுத்தினால் ஆபத்து. அவிடினின் நான்கு இடங்களில் சில காலியாகவே இருக்கும்; பின்னால் வரும், நாம் பயோட்டின் ஏற்றிய ஆன்டிபாடியை அவையே பிடித்துக்கொள்ளும், பழுப்பு இன்னும் கூடும். ஆகவே கழுவிவிட்டு, பயோட்டினைத் தாராளமாக ஊற்றி அந்த இடங்களையும் அடைக்க வேண்டும். வரிசை மாறவே கூடாது.

இப்படி அடைப்பதற்கென்று கடையில் வாங்கும் கிட் விலை கூடுதல். அதற்குப் பதில் தண்ணீரில் கலந்த வெள்ளைக்கருவும், அடுத்துக் கொழுப்பு நீக்கிய பாலும் போதும் என்று ஆய்விதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். பாலில் பயோட்டின் உண்டு. “லேபுல ஆம்லெட் போடுறீங்களா?” என்று பெரியம்மா கேட்டது நியாயம்தான்.

பயோட்டினே இல்லாத பாலிமர் முறை இப்போது பரவலாகிவிட்டது. கட்டுப்படியானால் அதற்கு மாறிவிடுவதே மேல் என்பேன். எந்த முறையானாலும், முதல் ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் போட்ட ஒரு ஸ்லைடு கூடவே ஓட வேண்டும், அதுவும் அதே நோயாளியின் திசுவில். வேறொருவரின் டான்சில் துண்டு சுத்தமாக இருப்பதால் இந்த ஈரலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த வைட்டமின் ரத்தப் பரிசோதனையிலும் விளையாடும். பல தைராய்டு, டிரோபோனின் பரிசோதனைகள் பயோட்டின் பிடிப்பை நம்பியே நடக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகச் சொல்லும். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் குறைந்து தெரிந்தால் இன்னும் மோசம். அமெரிக்க எஃப்டிஏ 2017-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

பெரியம்மா மகள் முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் மாத்திரை 10 மில்லிகிராம். ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். “வைட்டமின்தானே அண்ணா?” என்றாள். ரத்தம் கொடுக்கும்போது மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதச் சொல், எத்தனை நாள் முன்பு நிறுத்தணும் என்று டாக்டரிடம் கேள் என்றேன்.