நம் பெயர்களில் கிரேக்கம்

வருகைப் பதிவேட்டில் மார்கரெட், ஆக்னஸ், பிலோமினா என்று அழைக்கப்படும் நம்மில் பலர், இவை கிரேக்க வேர் கொண்ட பெயர்கள் என்பதை அறியோம்.

மார்கரெட் என்றால் முத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்னும் கடல்வழி நூல் நம் கொற்கையின் முத்துக்குளிப்பைக் கூறுகிறது. பொருளைப் பார்த்தால் மார்கரெட்டும் முத்தம்மாளும் ஒரே பெயர்க்காரிகள்!

ஆக்னஸ், தூய்மையைக் குறிக்கும் 'ஹக்னோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இலத்தீனிலோ 'ஆக்னுஸ்' என்றால் செம்மறிக்குட்டி. இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுந்ததால், புனித ஆக்னஸ் படங்களில் ஆட்டுக்குட்டியும் வந்து சேர்ந்தது. ஆக்னஸ்களை 'ஆடு' என்று கேலி செய்யும் தோழியர் கவனிப்பார்களாக.

பிலோமினாவின் கதையே எல்லாவற்றிலும் விந்தையானது. 1802-இல் உரோமையில், பிரிசில்லா சுரங்கக் கல்லறைகளில், மூன்று ஓடுகளால் மூடிய ஒரு கல்லறை கண்டெடுக்கப்பட்டது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். ஓடுகளில் 'லுமேனா - பாக்ஸ் தே - கும் ஃபி' என்று இருந்தது, பொருள் விளங்கவில்லை. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்ததும், "உனக்குச் சமாதானம், பிலோமினா" என்று இலத்தீனில் வாசிக்க முடிந்தது!

1961-இல் அவர் திருநாள் திருவழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. "உன் பெயருக்குப் புனிதர் இல்லையாமே" என்று கேட்கப்படும் பிலோமினாக்கள் வருந்த வேண்டாம். 'ஒளியின் மகள்' என்று இப்பெயருக்குச் சிலர் இலத்தீன் பொருள் கூறுவர். அதுவும் அழகுதான். ஆனால் கிரேக்கத்தில் அதன் பொருள் 'அன்பு செய்யப்பட்டவள்'. அந்தப் பெண் யாராயிருந்தாலும், அவளை அடக்கம் செய்தவர்கள் அப்படித்தான் அழைத்து விடை கொடுத்திருக்கிறார்கள்.